படை போன பின் மண்ணை யார் பார்ப்பது?



கல்லூரியில் ஒருநாள் முதலாண்டு மாணவர்களுக்கு ஒலி அலைகளைப் பற்றிப் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். அலைநீளம், அதிர்வெண் என்று கரும்பலகையில் எழுதிக்கொண்டிருந்தபோது வானத்தில் பேரொலி எழுந்தது. ஜன்னல் கண்ணாடிகள் அதிர்ந்தன. சூலூர்ப் பக்கமிருந்து வந்த போர் விமானம். ஒலி அடங்கும்வரை பாடத்தை நிறுத்தினேன். அப்போது பின்வரிசையிலிருந்து ஒரு மாணவர் கேட்டார்: “சார், என்றாவது ஒருநாள் அந்தத் தளத்தை மூடிவிட்டால் அவ்வளவு இடத்தையும் என்ன செய்வார்கள்?”

வகுப்பே பதில் சொல்லத் தொடங்கிவிட்டது. “தென்னந்தோப்புப் போடலாம், சார்” என்றார் ஒருவர். பொள்ளாச்சிக்காரர் வேறு என்ன சொல்வார்! “மில் கட்டலாம்” என்றார் இன்னொருவர். கிரிக்கெட் மைதானம் கேட்டவர்கள் நாலைந்து பேர். “சைட் போட்டு விற்றால் நல்ல விலை போகும்” என்று ஒரு குரல் வந்தது, எல்லாரும் சிரித்தார்கள். ஆனால் ஒருவர்கூட, “முதலில் அந்த மண்ணையும் கிணற்று நீரையும் சோதித்துப் பார்க்க வேண்டும்” என்று சொல்லவில்லை. அவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். அந்த வயதில் என்னைக் கேட்டிருந்தால் நானும் மைதானம் என்றுதான் சொல்லியிருப்பேன்.

சூலூர்த் தளம் இன்று முழு வேகத்தில் இயங்குகிறது. அதை மூட வேண்டும் என்பதல்ல என் வாதம். அந்த மாணவரின் கேள்வி அதைவிடப் பெரியது. ஒரு படைத்தளத்தை மூடி, அந்த நிலத்தை வேறு காரியத்துக்குக் கொடுக்கும் முன் யார், எதை, எப்படி அளக்க வேண்டும்? அதைப் பற்றித்தான் உங்களோடு பேச விரும்புகிறேன்.

ஒருமுறை கைமாறிய தளம்

சூலூருக்கு மூடலும் கைமாறலும் புதியவை அல்ல. இரண்டாம் உலகப் போரின்போது பிரிட்டிஷ் கடற்படையின் விமானப் பிரிவு அந்த ஓடுதளத்தைப் பயன்படுத்தியது. போர் முடிந்ததும் அவர்கள் போய்விட்டார்கள். 1961 செப்டம்பரில் நம் இந்தியக் கடற்படையின் ‘ஹன்சா’ விமானத்தளம் சூலூரில்தான் தொடங்கப்பட்டது. அதே ஆண்டு டிசம்பரில் கோவா விடுதலை பெற்றது. 1964 இல் ‘ஹன்சா’ கோவாவிலுள்ள டாபோலிமுக்கு இடம் பெயர்ந்தது. பின்னர் சூலூர் விமானப்படையின் பெரிய தளமாக வளர்ந்தது. நம் நாட்டிலேயே வடிவமைத்த தேஜஸ் விமானங்கள் 2018 முதல் அங்கே நிலைகொண்டுள்ளன.

தமிழ்நாட்டில் இத்தகைய போர்க்கால ஓடுதளங்கள் வேறு பலவும் உண்டு. கயத்தாறு, செட்டிநாடு, உளுந்தூர்ப்பேட்டை ஆகிய ஊர்களின் பெயர்களை நீங்கள் கேட்டிருக்கலாம். சென்னைக்கு வடக்கே சோழவரம் ஓடுதளத்தில் 1950களிலிருந்து 1980களின் இறுதி வரை கார்ப் பந்தயங்கள் நடந்தன. 1990 இல் இருங்காட்டுக்கோட்டையில் தனிப் பந்தயத்தடம் வந்தது. விமானம் ஓடிய பாதையில் கார் ஓடியது நல்ல மறுபயன்தான். ஆனால் 1946 இலோ 1964 இலோ, ஒரு தளத்தைக் காலி செய்யும்போது மண்ணையும் நீரையும் சோதிக்கச் சொல்லும் சட்டம் நம் நாட்டில் இல்லை. நீர் மாசுத் தடுப்புச் சட்டமே 1974 இல்தான் வந்தது. ஆகவே அந்த இடங்களில் மாசு இருக்கிறது என்று நான் சொல்ல வரவில்லை. அளந்து பார்க்காமல், இருக்கிறது என்றோ இல்லை என்றோ சொல்வது விஞ்ஞானம் ஆகாது என்று மட்டுமே சொல்கிறேன்.

மண்ணில் எது தங்கும்?

ஒரு விமானத்தளம் என்பது ஓடுதளம் மட்டுமன்று. எண்ணெய்க் கிடங்கு, பழுதுபார்க்கும் பட்டறை, வர்ணம் பூசும் கூடம், தீயணைப்புப் பயிற்சிக் களம், குப்பைக் குழி, வெடிமருந்துக் கிடங்கு எல்லாம் சேர்ந்ததே தளம். ஒவ்வொன்றும் தன் சுவட்டை விட்டுச் செல்லக்கூடும்.

முதலில் எண்ணெயை எடுத்துக்கொள்வோம். இன்றைய ஜெட் விமானங்கள் மண்ணெண்ணெய் வகை எரிபொருளில் ஓடுகின்றன. போர்க்காலத்து விமானங்கள் பெட்ரோலில் ஓடின. எஞ்சின் இடிக்காமல் ஓடுவதற்காக அந்தப் பெட்ரோலில் ஈயச் சேர்மம் கலந்தார்கள். உயர்ரக எரிபொருளில் லிட்டருக்கு ஒரு கிராம் அளவுக்கு ஈயம் இருந்தது. இந்தியத் தர நிர்ணயப்படி ஒரு லிட்டர் குடிநீரில் 0.01 மில்லிகிராமுக்கு மேல் ஈயம் இருக்கக் கூடாது. இப்போது ஒரு சிறு கணக்குப் போடுங்கள். ஒரு கிராம் என்பது 1000 மில்லிகிராம். அதை 0.01 ஆல் வகுத்தால் 1,00,000 வருகிறது. அதாவது, ஒரு லிட்டர் எரிபொருளில் உள்ள ஈயம் முழுவதும் நீரில் கரைந்துவிட்டால், ஒரு லட்சம் லிட்டர் தண்ணீரை அது எல்லைக்கோட்டுக்குக் கொண்டுவந்து நிறுத்திவிடும். 15 லிட்டர் குடத்தில் அளந்தால் ஆறாயிரத்து அறுநூறு குடங்களுக்கு மேல்! உண்மையில் ஈயத்தின் பெரும்பகுதி மண்ணோடு ஒட்டிக்கொள்ளும், முழுவதும் கரையாது. ஆனால் ஒட்டிய ஈயம் அழிந்தும் போகாது. அது ஒரு தனிமம். நூறு ஆண்டு போனாலும் ஈயம் ஈயமே. அந்த மண்ணில் விளையாடிவிட்டுக் கையை வாயில் வைக்கும் சிறு குழந்தைக்குத்தான் ஆபத்து அதிகம்.

இரண்டாவது, எந்திரப் பாகங்களின் பிசுக்கை நீக்கப் பயன்படும் டிரைகுளோரோஎத்திலீன் போன்ற கரைப்பான்கள். மண்ணெண்ணெயின் அடர்த்தி நீரைவிடக் குறைவு, ஏறத்தாழ 0.8. ஆகவே அது நிலத்தடி நீரின் மேல் மிதக்கும். டிரைகுளோரோஎத்திலீனின் அடர்த்தி 1.46. அது நீருக்குள் மூழ்கி, அடியிலுள்ள பாறையின் மேல் குளம்போல் தேங்கும். மேலே கிணற்று நீரை எடுத்துச் சோதித்தால் அகப்படாமலும் போகலாம். எந்த ஆழத்திலிருந்து மாதிரி எடுக்க வேண்டும் என்பதை அடர்த்தி தீர்மானிக்கிறது. ஒன்பதாம் வகுப்பில் நீங்கள் படித்த பாடந்தான் இது!

மூன்றாவது கதை ஸ்காட்லாந்திலிருந்து வருகிறது. அங்கே டோனிபிரிஸ்ல் என்ற இடத்தில் பிரிட்டிஷ் கடற்படையின் விமானத்தளமும் பழுதுபார்ப்புப் பட்டறையும் இருந்தன. சூலூருக்கு வந்த அதே கடற்படை. இருளிலும் ஒளிர வேண்டும் என்பதற்காக அக்காலத்து விமானக் கருவிகளின் முகப்பில் ரேடியம் கலந்த வர்ணம் பூசுவார்கள். பழைய கருவிகளை எரித்து, சாம்பலைக் கடற்கரை ஓரத்தில் கொட்டினார்கள். 1959 இல் தளம் மூடப்பட்டது. 1960களில் அந்த நிலத்தில் டால்கெட்டி பே என்ற அழகிய புது ஊர் எழுந்தது. 1990 இல்தான் அந்த ஊர்க் கடற்கரையில் கதிரியக்கத் துணுக்குகள் கண்டுபிடிக்கப்பட்டன. தூய்மைப்படுத்தும் பணி முடிந்தது 2023 இல்! ரேடியத்தின் அரை ஆயுள் ஏறத்தாழ 1600 ஆண்டுகள். எண்பது ஆண்டுகள் என்பது அதில் இருபதில் ஒரு பங்குதான். போர்க்காலத்தில் புதைந்த ரேடியத்தில் நூற்றுக்கு 96 பங்குக்கு மேல் இன்னும் அப்படியே இருக்கிறது. மனிதர்கள் மறந்துவிடுகிறார்கள், அணுக்கரு மறப்பதில்லை.

நீரின் மெதுவான நடை

“எங்கோ தளத்துக்குள் சிந்தியது ஊருக்குள் எப்படி வரும்?” என்று நீங்கள் கேட்கலாம். நம் கொங்கு நாட்டில் மேல்மண்ணுக்குக் கீழே சிதைந்த பாறை அடுக்கும், அதன் கீழே கடும் பாறையும் உள்ளன. சிதைந்த அடுக்கிலும் பாறை வெடிப்புகளிலுந்தான் நம் கிணற்று நீரும் ஆழ்துளைக் கிணற்று நீரும் இருக்கின்றன. அந்த நீர் மிக மெதுவாக நகர்கிறது. நாளொன்றுக்கு 10 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 36.5 மீட்டர். ஒரு கிலோமீட்டர் தொலைவிலுள்ள தோட்டத்துக் கிணற்றை அடைய 27 ஆண்டுகள் ஆகும். இன்று சிந்தியது, நீங்கள் உங்கள் பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பும் காலத்தில் வந்து சேரும். அப்போது தளமும் இராது, சிந்தியவரும் இரார். கிணற்றுக்காரர் மட்டும் இருப்பார்.

யாழ்ப்பாணத்து நிலமோ சுண்ணாம்புப் பாறை. அதன் துளைகள் வழியே நீர் விரைந்து ஓடும். சுன்னாகத்தில் ஒரு மின் நிலையத்தைச் சுற்றியிருந்த கிணறுகளில் எண்ணெய் கலந்தது 2014, 2015 ஆம் ஆண்டுகளில் அப்பகுதி மக்களைத் தவிக்கவைத்தது. ஆகவே சோதனை முறையும் ஊருக்கு ஊர் மாற வேண்டும். கோவைக்கு வகுத்த அட்டவணை யாழ்ப்பாணத்துக்குப் பொருந்தாது.

மற்றவர்கள் எப்படிச் செய்தார்கள்?

அமெரிக்காவில் 1970 முதல் நடைமுறையில் உள்ள ஒரு சட்டப்படி, அரசு எந்தப் பெரிய காரியத்தைச் செய்தாலும் அதனால் சுற்றுப்புறச் சூழலுக்கு நேரும் விளைவுகளை முன்கூட்டியே ஆராய்ந்து எழுத வேண்டும். 1988 முதல் அங்கே பல படைத்தளங்கள் வரிசையாக மூடப்பட்டபோது, அந்த நிலங்களை மறுபயனுக்குக் கொடுப்பதற்கும் இந்த ஆய்வு தேவைப்பட்டது. மாற்று வழிகளை அருகருகே வைத்து ஒப்பிட வேண்டும், “ஒன்றும் செய்யாமல் விட்டால் என்ன ஆகும்?” என்பதையும் எழுத வேண்டும், வரைவைப் பொதுமக்கள் பார்வைக்கு வைத்துக் கருத்துக் கேட்க வேண்டியிருந்தது.

சான்பிரான்சிஸ்கோவின் பிரெசிடியோ 1776 முதல் படைத்தளமாக இருந்த இடம். 1994 இல் அது தேசியப் பூங்கா ஆயிற்று. குப்பைக் குழிகளையும் எண்ணெய் கசிந்த மண்ணையும் தூய்மைப்படுத்துவதற்காக 1999 இல் ராணுவம் சுமார் 10 கோடி டாலர் தர ஒப்புக்கொண்டது. பழைய விமானக் களம் ஒன்றின் ஒரு பகுதி கடல்நீர் வந்து போகும் சதுப்பு நிலமாக மாற்றப்பட்டு, 2001 இல் மக்களுக்குத் திறக்கப்பட்டது. இன்று அங்கே பறவைகள் இறங்குகின்றன.

சட்டம் இருந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்றும் நினைத்துவிடாதீர்கள். அதே அமெரிக்காவின் ஆட்சியிலுள்ள வியெக்கஸ் தீவில், கடற்படையின் குண்டுவீச்சுப் பயிற்சிக் களம் 2003 இல் மூடப்பட்டது. வெடிக்காத குண்டுகளை அகற்றும் பணி இருபது ஆண்டுகளுக்குப் பிறகும் முடியவில்லை. ஆய்வு என்பது மந்திரம் அல்ல. எங்கே என்ன இருக்கிறது என்று காட்டும் விளக்கு மட்டுமே.

நமக்கு இன்னும் நெருக்கமான எடுத்துக்காட்டு, யாழ்ப்பாணத்தின் பலாலி. 1990 இல் வலிகாமம் வடக்கு மக்கள் வீடு வாசலை விட்டு வெளியேற நேர்ந்தது. அவர்களுடைய ஊர்கள் உயர் பாதுகாப்பு வலயம் ஆயின. 2009 இல் போர் முடிந்த பின் நிலம் சிறிது சிறிதாக விடுவிக்கப்பட்டது. மயிலிட்டித் துறைமுகப் பகுதி 2017 ஜூலையில் மக்களிடம் திரும்பியது. பலாலி ஓடுதளம் 2019 அக்டோபரில் பன்னாட்டுப் பயணிகள் விமான நிலையமாகத் திறக்கப்பட்டது. எல்லா நிலமும் இன்னும் திரும்பவில்லை. வடபகுதியில் நிலத்தைத் திருப்பிக் கொடுக்கும் முன் கண்ணிவெடிகளை அகற்ற வேண்டியிருந்தது. உலோகம் காணும் கருவியைப் பிடித்துக்கொண்டு, பணியாளர்கள் அங்குலம் அங்குலமாக நகர்ந்தார்கள். அந்தக் கருவியின் தத்துவம் உங்களுக்குத் தெரிந்ததே: சுருளில் மாறும் மின்னோட்டம் பாய்ந்தால் மாறும் காந்தப்புலம் உண்டாகிறது, அது மண்ணிலுள்ள உலோகத்தில் சுழல் மின்னோட்டத்தைத் தூண்டுகிறது, அந்தச் சுழல் மின்னோட்டத்தின் எதிரொலியைக் கருவி பிடித்துக்கொள்கிறது. மைக்கேல் பாரடே 1831 இல் கண்டறிந்த உண்மை, இன்று ஒரு சிறுமி தன் தாத்தாவின் காணியில் அச்சமின்றி நடக்க உதவுகிறது.

நம் நாட்டுச் சட்டம்

நம் நாட்டில் போபால் விபத்து 1984 இல் நேர்ந்தது. 1986 இல் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டம் வந்தது. புதிய திட்டங்களின் விளைவை முன்கூட்டியே மதிப்பிட வேண்டும் என்ற ஆணை 1994 இல் பிறந்து, 2006 இல் திருத்தி எழுதப்பட்டது. விமான நிலையம் கட்டுவதற்கு முன் அனுமதி பெற வேண்டும் என்கிறது அந்த ஆணை. ஆனால் அது கட்டுவதைப் பற்றியே பேசுகிறது. படைத்தளத்தை மூடுவது அதன் பட்டியலில் இல்லை. நாட்டுப் பாதுகாப்பைச் சேர்ந்த திட்டங்களுக்குப் பொதுமக்கள் கருத்துக் கேட்பிலிருந்தும் விலக்கு உண்டு. 2025 ஜூலையில், மாசடைந்த இடங்களை நிர்வகிப்பதற்கென மைய அரசு தனி விதிகளை வெளியிட்டது. வரவேற்க வேண்டிய செயல். ஆனால் ஓர் இடத்தில் மாசு இருக்கிறது என்ற ஐயம் எழுந்த பின்னரே அவ்விதிகள் வேலை செய்யத் தொடங்கும். கதவை மூடிச் சாவியைக் கொடுக்கும் அந்த நாளில் அளக்க வேண்டும் என்ற கட்டாயம் நமக்கு இன்னும் வரவில்லை.

என் கருத்து

எந்தப் படைத்தளத்தையும் மூடி வேறு பயனுக்குக் கொடுக்கும் முன் நான்கு காரியங்கள் கட்டாயம் ஆக வேண்டும் என்பது என் கருத்து. முதலாவது, எங்கே எண்ணெய் இருந்தது, எங்கே குப்பை புதைந்தது என்று காட்டும் ஒரு வரைபடம். தளத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்கள் உயிரோடு இருக்கும்போதே அவர்களைக் கேட்டு அதைத் தயாரிக்க வேண்டும். இரண்டாவது, தளத்துக்குள்ளும் சுற்றியுள்ள கிணறுகளிலும் மண், நீர்ச் சோதனை. மூன்றாவது, அதன் முடிவுகள் தமிழில், ஊராட்சி அலுவலகச் சுவரில் ஒட்டும் அளவுக்கு எளிய நடையில். நான்காவது, தூய்மைப்படுத்தும் செலவு, நிலத்தைப் பயன்படுத்தியவர் கணக்கில். வாங்குகிறவர் தலையில் அல்ல.

மறுப்புச் சொல்வோர் மூன்று காரணம் காட்டுவர். “படை ரகசியம் வெளியாகும்” என்பது ஒன்று. இயங்கும் தளத்துக்கு அது நியாயமே. ஆனால் விமானங்கள் போய்விட்ட பிறகு எண்ணெய்க் குழி எங்கே இருந்தது என்பதில் என்ன ரகசியம்? “செலவு அதிகம்” என்பது இரண்டாவது. திருப்பூர்ச் சாயக்கழிவு தேங்கிய ஒரத்துப்பாளையம் அணையை நம் மாவட்டத்து உழவர்கள் மறக்க மாட்டார்கள். 1992 இல் பாசனத்துக்காகக் கட்டி முடித்த அணை. பிறகு அதன் தண்ணீரைத் திறந்துவிட வேண்டாம் என்று உழவர்களே கெஞ்சும் நிலை வந்தது. முன்னால் அளக்கும் செலவு ஒரு பங்கென்றால், பின்னால் அழும் செலவு பல பங்கு.

மூன்றாவது மறுப்புத்தான் என்னை யோசிக்க வைக்கிறது. “ஆய்வு, ஆய்வு என்று சொல்லி நிலத்தைத் திருப்பித் தராமல் இழுத்தடிப்பார்கள்” என்பது அது. முப்பது ஆண்டுகளாகத் தன் காணிக்காகக் காத்திருக்கும் ஒரு முதியவரிடம், “மண் பரிசோதனை முடியட்டும், ஐயா” என்று எத்தனை முறை சொல்ல முடியும்? ஆகவே ஆய்வுக்குக் காலக்கெடு இருக்க வேண்டும். தூய்மையான பகுதியை உடனே கொடுத்துவிட்டு, ஐயத்துக்குரிய பகுதியை மட்டும் வேலியிட்டு நிறுத்த வேண்டும். ஆய்வு நிலத்தைப் பூட்டி வைக்கும் சாக்காக மாறினால், அதை எதிர்ப்பவர்களில் நானும் ஒருவன்.

பிறகு அந்த நிலத்தை என்ன செய்யலாம்? யாரிடமிருந்து எடுத்தார்களோ அவர்களோ அவர்கள் வாரிசுகளோ கேட்டால், முதல் உரிமை அவர்களுக்கே. மற்ற இடங்களில் மண்ணே பதில் சொல்லட்டும். ஈயம் உள்ள இடத்தில் காய்கறி போடக் கூடாது. ஆனால் மண்ணை மூடிச் சூரிய மின் தகடுகள் வைக்கலாம். நீர் சுத்தமான இடத்தில் தோப்புப் போடலாம், பள்ளிக்கூடம் கட்டலாம். அளந்த பின் தேர்ந்தெடுப்பதே மறுபயன். அளக்காமல் தேர்ந்தெடுப்பது சூதாட்டம்.

நீங்கள் செய்யக்கூடியது ஒன்று உண்டு. உங்கள் ஊர்ப் பக்கம் பழைய ஓடுதளமோ முகாமோ இருந்ததா என்று தாத்தா, பாட்டியைக் கேட்டு எழுதி வையுங்கள். சுற்றியுள்ள கிணறுகளைக் குறித்து ஒரு வரைபடம் போடுங்கள். வேலியைத் தாண்டி உள்ளே போகாதீர்கள். துருப்பிடித்த உலோகப் பொருள் எதையேனும் கண்டால் தொடாதீர்கள், காலால் தட்டிப் பார்க்காதீர்கள். காவல் நிலையத்துக்குச் சொல்லுங்கள். உங்கள் ஆசிரியர் உதவியோடு அந்த வரைபடத்தைப் பள்ளியில் பத்திரப்படுத்துங்கள். என்றாவது ஒரு பொறியாளர் அந்த மண்ணைச் சோதிக்க வரும்போது, துளை போட வேண்டிய இடத்தை அவருக்கு அது காட்டும்.

அடுத்த முறை அந்தக் கேள்வியை என் வகுப்பில் யாராவது கேட்டால், தென்னந்தோப்பு என்பவரும் மைதானம் என்பவரும் இருக்கட்டும். அவர்களுக்கு முன்னால் எழுந்து, “சார், முதலில் கிணற்றுத் தண்ணீரை எடுத்துப் பார்ப்போம்” என்று சொல்லும் மாணவர் ஒருவராவது இருக்க வேண்டும். அவர் இதைப் படித்துக்கொண்டிருக்கும் நீங்களாகவே இருக்கலாம்.